"ஆறு மாசத்துக்கு மேல வராது" என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

பக்கவாதம் வந்தவர்களையும் தண்டுவடத்தில் அடிபட்டவர்களையும் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். இதை வலது கையால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் நகராமல் இடது கை அழுத்திப் பிடித்திருக்கிறது. இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றலாம். எனக்கு மூளையில் அடைப்பு வந்து இருபது மாதம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க இந்தக் கை என் மடியில் கிடந்தது. யாராவது எடுத்து வைத்தால்தான் இடம் மாறும்.

உங்களில் ஒருவர்தான் என் உயிரைக் காப்பாற்றினார். அந்த நன்றி எப்போதும் உண்டு. என் வருத்தமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான். ஐந்தாவது மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் என் இடது கையைத் தூக்கி, விட்டு, அது விழுவதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "வர்றது ஆறு மாசத்துக்குள்ள வந்துடும். அதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார். பேச்சு நன்றாக இருந்த நோயாளி நான்! மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அந்த மாதமே பிசியோவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இனி எதற்கு என்று தோன்றிவிட்டது.

அப்படி ஏழு மாதம் போனது.

பன்னிரண்டாவது மாதம் தோள்வலி தாங்காமல்தான் வேறொரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண். தோளைப் பார்த்து முடித்ததும், "விரலை விரிங்க பார்ப்போம்" என்றாள். விரியாது என்றேன். "முயற்சி பண்ணுங்க" என்றாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு நூல் அளவு அசைந்தன. "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். தெரியவில்லை. ஏழு மாதமாக யாரும் கேட்கவில்லை, நானும் முயன்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். உங்கள் வாக்கியம் முழுப் பொய் இல்லை என்பதையும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வாரங்களில் மூளையின் வீக்கம் வடிகிறது, சாகாமல் ஓய்ந்திருந்த பகுதிகள் விழித்துக்கொள்கின்றன, நரம்புகள் புதுக் கிளை விடுகின்றன. அந்த வேகம் மறுபடி வராது. 2021இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 72 பேரைப் பிரித்து, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று மாத வாக்கில் பெற்றவர்களுக்குத்தான் கை அதிகம் தேறியது. ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குத் தெளிவான வித்தியாசம் இல்லை. என் வழக்குக்கு இது எதிரான சாட்சிதான், இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அங்கே கொடுத்தது 20 மணி நேரம். லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் 224 பேருக்கு மூன்றே வாரத்தில் 90 மணி நேரம் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடத்தைத் தாண்டியவர்கள். 2019இல் வெளியான முடிவுகளில் கை தேறியிருந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி குறையவில்லை. அந்தப் பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட ஒரு குழு இல்லாத ஆய்வு என்று நீங்கள் சொல்வீர்கள், சரி. 2021இல் மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டிக்கொண்டே பயிற்சி கொடுத்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. அதில் சேர்ந்த 108 பேரும் பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்து வருடம் வரை ஆனவர்கள். உங்கள் ஆறு மாதக் கோட்டுக்குள் ஒருவர்கூட இல்லை. தூண்டல் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேறியது.

அப்படியானால் ஆறு மாதத்தில் தேக்கம் வருவது ஏன்? கொஞ்சம் உடம்பு, கொஞ்சம் நாம். பயிற்சி அப்போதுதானே நிற்கிறது. அது நின்ற பிறகு தேர்ச்சியும் நின்றதை வைத்து உடம்பின் எல்லை இதுதான் என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, நிற்பதற்கு முன்னால்தான் எவ்வளவு பயிற்சி நடந்தது? 2009இல் வந்த ஒரு ஆய்வில் பிசியோ அறைகளில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கைக்குப் பயிற்சி கொடுத்த ஒரு அமர்வில் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 முறைதான். மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று நமக்குக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்குப் பல நூறு முறை. என் பழைய அரை மணி நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன்: பத்து நிமிடம் சூடு ஒத்தடம், பத்து நிமிடம் அவர் என் கையை நீட்டி மடக்குவார், மிச்ச நேரத்தில் நான் பதினைந்து தடவை தூக்குவேன். அடுத்தவர் நீட்டி மடக்கினால் மூட்டு இறுகாது, அது தேவைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் மூளைக்கு வேலை இல்லை.

வீட்டிலும் அதே கதை. வலது கை வேகமாக இருக்கிறது, அதனால் எல்லாவற்றுக்கும் அதுவே போகும். நான் எழுவதற்குள் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். அன்புதான், இடது கைக்கு அது நிரந்தர விடுமுறையாகிவிட்டது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் குரங்குகளிடம் கவனித்தார். ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டினால் அசைக்க முடிந்தும் அந்தக் கையைக் குரங்கு பயன்படுத்தாது. நல்ல கையைக் கட்டிவிட்டால் பயன்படுத்தும். முடக்கமும் பழக்கம்தான், பழகியதை மாற்ற முடியும் என்று அவர் புரிந்துகொண்டார். (அந்த ஆய்வுக்கூடத்தின் மேல் விலங்குவதை வழக்கே நடந்தது. அந்தக் குரங்குகளை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.) நல்ல கைக்கு உறை மாட்டிப் பலவீனமான கையை வேலை வாங்கும் முறை அதிலிருந்து பிறந்தது. 2006இல் 222 பேரை வைத்து நடந்த ஆய்வில் இரண்டே வாரப் பயிற்சி பலன் தந்தது, ஒரு வருடம் கழித்தும் அது நீடித்தது.

இதையெல்லாம் சொல்வதால் எல்லோரையும் முதல் நாளே எழுப்பி ஓடவிடுங்கள் என்று கேட்பதாக நினைக்காதீர்கள். 2104 பேரை வைத்து நடந்து 2015இல் முடிவு வந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவிட்டவர்களின் நிலை மூன்றாம் மாதம் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கலை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பிசியோ அறையில் ஒரு நண்பர் கிடைத்தார். மாடிப்படியில் விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர். முழுமையாக அறுபடவில்லை, கட்டைவிரல் லேசாக அசையும். அவருக்கும் அதே வாக்கியம், மாதக் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. கழுத்துத் தோலின் மேலிருந்து தண்டுவடத்தை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே பயிற்சி கொடுத்த ஒரு ஆய்வு 2024இல் வெளியானது. 60 பேரில் 72 சதவீதத்தினருக்குக் கையின் வலு, வேலை இரண்டும் கூடின. அவர்களில் அடிபட்டு 34 வருடம் ஆனவரும் உண்டு. அந்தக் கருவி எல்லோருக்கும் நாளையே கிடைத்துவிடாது, நண்பருக்கும் தெரியும். முப்பது வருடம் பேசாமல் இருந்த நரம்பும் செத்துவிட்டதாக ஆகாது என்பதுதான் அவரைத் தொட்டது. அன்றைக்கு அவர் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்து கட்டைவிரலை அசைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. "இனி ஒன்றுமில்லை" என்று நீங்கள் அனுப்பிய ஆள் சும்மா வீட்டுக்குப் போவதில்லை, நேராக விற்பவர்களிடம் போகிறார். இன்னும் நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் ஊசி, ஒரே வாரத்தில் நடக்க வைக்கும் எண்ணெய், மந்திரித்த கயிறு. எங்கள் வீட்டிலும் ஒரு புட்டி வந்தது. நீங்கள் விட்டுவைத்த இடத்தில்தான் அவர்கள் கடை போடுகிறார்கள்.

பொய் நம்பிக்கை கொடுக்கச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, எனக்கும் வந்தது. அந்த நிலையில் பொய்யைத் தாங்க இன்னும் கஷ்டம். ஆனால் எல்லோருக்கும் ஒரே தேதியைச் சொல்லாமல் அந்த ஆளைப் பார்த்துச் சொல்லலாமே. உங்களிடம் அதற்கு வழி இருக்கிறது. பக்கவாதம் வந்த இரண்டாம் நாள் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைக் கொஞ்சம் விலக்கவும் முடிந்தால், ஆறாம் மாதம் கை ஓரளவு வேலைக்கு ஆகும் வாய்ப்பு 98 சதவீதம், இரண்டும் இல்லையென்றால் 25 சதவீதம் என்று 2010லேயே ஒரு டச்சு ஆய்வு சொன்னது. மாதங்கள் போயும் ஒரு துடிப்புகூட இல்லாதவரிடம் அதை நேராகச் சொல்லுங்கள். ஒரு கையால் வாழக் கற்றுக்கொடுங்கள், தோளைக் காப்பாற்றுவது எப்படி என்று காட்டுங்கள், இறுக்கத்துக்கு ஊசி வேண்டுமா என்று பாருங்கள். தூக்கிவிடுகிறோம் என்று அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது என்று வீட்டாரிடம் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் என் தோள் இந்தப் பாடு பட்டிருக்காது.

துடிப்பு இருப்பவரிடம் சொல்ல வேண்டியது வேறு. "இனி மெதுவாத்தான் வரும், சும்மா இருந்தா வராது. இந்த மூணு அசைவை ஒரு நாளைக்கு இத்தனை தடவை பண்ணுங்க, எழுதி வைங்க, மூணு மாசம் கழிச்சு நானே எண்ணிப் பார்க்குறேன்." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் எனக்குச் செய்தது இதைத்தான். ஒரு நோட்டும் ஒரு டப்பா துணிக் கிளிப்பும் கொடுத்தாள். கிளிப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், எண்ண வேண்டும். முதல் நாள் பதினொன்று, அதற்கே கை நடுங்கியது. இப்போது காலையும் மாலையும் சேர்த்து முந்நூறு. எட்டு மாதத்தில் புட்டியை இடது கையால் பிடித்து வலது கையால் மூடியைத் திறக்க முடிகிறது. தலையணை உறை மாட்ட முடிகிறது. சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். களைத்த நாளில் கால் இழுக்கும், நோட்டில் அன்றைக்குப் பூஜ்யம் இருக்கும்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. நோட்டைக் கொண்டுவருகிறேன் டாக்டர். கையைத் தூக்கி விழவிட்டுப் பார்ப்பதற்கு முன் அதில் ஒரு பக்கமாவது புரட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தி