பிளஸ் ஒன் பெற்றோர்களுக்கு: ரெக்கார்டில் பிள்ளை எடுத்த அளவே இருக்கட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அடுத்த வாரம் பிளஸ் ஒன் பிள்ளைகள் வேதியியல் ஆய்வகத்தில் வினைவெப்பம் அளக்கும் சோதனைகளைத் தொடங்குகிறார்கள். வெப்ப இயக்கவியல் பாடத்தில் என்தால்பி மாற்றம் (ஒரு வினையில் வெளிவரும் அல்லது உள்ளே போகும் வெப்பத்தின் அளவு) என்று வருகிறதே, அதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாமல், பிள்ளைகளே செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இதில் உங்கள் ஒத்துழைப்பு எனக்குத் தேவை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு தெர்மாகோல் கப்புக்குள் இன்னொன்று, மேலே ஓட்டை போட்ட மூடி, ஒரு தெர்மாமீட்டர், அவ்வளவுதான். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் காஸ்டிக் சோடா கரைசல் 50 மில்லி, இரண்டையும் ஊற்றிக் கலக்கினால் வெப்பநிலை சட்டென்று ஏறும். வெப்பம் துளிகூட வெளியே போகாவிட்டால் கிட்டத்தட்ட 7 டிகிரி ஏற வேண்டும், ஆனால் கப்பும் தெர்மாமீட்டரும் சுற்றியிருக்கும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் பிள்ளைக்கு 6.3 டிகிரிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். கலவையின் எடை 100 கிராம், ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான 4.18 ஜூல், ஏறிய 6.3 டிகிரி, மூன்றையும் பெருக்கினால் சுமார் 2,633 ஜூல். வினைபுரிந்தது 0.05 மோல் (மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு). ஆக ஒரு மோலுக்கு 52.7 கிலோஜூல் வெளிப்பட்டது என்று வரும். புத்தகத்தில் 57.3 என்று இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 52.7-ஐ அடித்துவிட்டு 57.3 என்று எழுதுகிறார்கள், இல்லையென்றால் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், சில வீடுகளில் காசு கொடுத்தே ரெக்கார்ட் எழுதி வாங்குகிறார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வகுப்பில் எல்லார் நோட்டிலும் 57.3 என்றே இருந்தால் யாருமே சோதனை செய்யவில்லை என்றுதான் எனக்குப் புரியும். நம் பள்ளியில் இந்தச் சோதனைக்கு மதிப்பெண் விடையை வைத்து இல்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த வெப்பநிலை, அதை வைத்து வரைந்த வரைபடம், கணக்கில் குறைகிற வெப்பம் எங்கே போனது என்று பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுதும் விளக்கம், இவற்றுக்குத்தான்.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் உருகிய பனிக்கட்டியின் எடையை வைத்து வெப்பத்தை அளந்தபோது, அறையின் சூடு உள்ளே போய்விடக் கூடாது என்று கருவியைச் சுற்றி இன்னொரு அடுக்கு பனிக்கட்டி வைத்தார்கள். வெப்பக் கசிவு அவர்களுக்கே தலைவலியாக இருந்த விஷயம். நம் பிள்ளைக்கு 5 கிலோஜூல் குறைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், பத்தில் ஒரு டிகிரி காட்டும் தெர்மாமீட்டர்களை இந்த முறை வாங்கியிருக்கிறோம். பழையதில் ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் விடை 8 கிலோஜூலுக்கு மேல் மாறிவிடும். விலை அதிகம், எனவே உடைக்காமல் கையாளச் சொல்லி அனுப்புங்கள்.

சோதனை நாளில் பருத்தி உடை, மூடிய ஷூ, பின்னிக் கட்டிய தலைமுடி கட்டாயம். கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் தருவோம். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம், அதனால் கண்ணாடி போடாதவர்களை உள்ளே விடமாட்டோம்.

வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று பிள்ளை கிளம்பினால், கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்க மட்டும் விடாதீர்கள், குளோரின் வாயு வரும். வயலுக்கு வாங்கிய யூரியா இருந்தால் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் விட்டு, அதில் ஒரு கைப்பிடி யூரியா போட்டுக் கலக்கட்டும். டப்பா ஜில்லென்று ஆகும். வெப்பத்தை வெளியே விடும் வினை போலவே உள்ளே இழுத்துக்கொள்ளும் மாற்றமும் உண்டு என்பது அதைத் தொட்டாலே புரியும். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

சோதனை நாட்களில் பிள்ளைகள் வீடு வர முக்கால் மணி நேரம் தாமதமாகும். இணைத்துள்ள சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தோல் அலர்ஜி, ஆஸ்துமா ஏதாவது இருந்தால் அதையும் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்