இருபத்தேழு வயதில் தமிழ் படிக்க உட்கார்ந்தவர்

இயேசு மரி சூசை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போன வாரம் நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை மூன்று தடவை படித்தேன். லிஸ்பனுக்குப் போன எட்டு மாதத்தில் போர்த்துக்கீசியம் வந்துவிட்டது, தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் அரைப் பக்கம் தாண்டவில்லை, முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இனி எங்கே வரப்போகிறது என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தாய். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன். நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை, நீயே படி.

செப்டம்பர் 1 வருகிறது. 1980இல் தமிழறிஞரான கத்தோலிக்கக் குரு தனிநாயகம் அடிகளார் காலமான நாள். என் வகுப்பில் வருஷா வருஷம் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னதை உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னதே இல்லை.

அவர் இலங்கைக்காரர். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறை, கரம்பொன் கிராமம். 1913இல் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் படிப்பு, கொழும்பில் குருமடம், அப்புறம் ரோமாபுரி. அங்கேயே 1938இல் குருப்பட்டம் பெற்றார். லத்தீன், இத்தாலி, பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம் எல்லாம் தெரியும். ஊருக்குத் திரும்பாமல் நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940இல் அவரை அனுப்பிய இடம் எது தெரியுமா? நம்ம வடக்கன்குளம். புனித தெரசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். உன் தாத்தாவும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான், சில வருஷம் பிந்திப் படித்தவர்.

நீ கவனிக்க வேண்டியது இந்த இடம். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. தமிழ் தாய்மொழிதான், ஆனால் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். சங்க இலக்கியத்தை முறையாகப் படித்தவர் இல்லை. பட்டம் வாங்கிய சாமியார், பள்ளிக்கூடத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். வடக்கன்குளத்து வெயிலில், வெள்ளை அங்கியோடு, ஒரு செய்யுளைச் சீர் பிரித்துப் பிரித்து அவர் வாசித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தனக்குத் தெரியாது என்று இன்னொருவர் முன்னால் ஒத்துக்கொள்வது ஒரு ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும் அம்மா.

அந்த உட்காரலில்தான் எல்லாம் தொடங்கியது. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தமிழ் எம்.ஏ. படித்தார். பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை எப்படி வருகிறது என்று ஆராய்ந்தார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் வைத்தார். தமிழைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழ் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்துகொண்டே லண்டனுக்குப் போய், பழந்தமிழர் கல்வியைப் பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம், இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். 1964இல் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னால் நின்றதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதும் அவர்தான். 1968இல் சென்னையில் இரண்டாவது மாநாடு. அப்போதுதான் மெரினாவில் அந்தச் சிலைகள் வந்தன. சின்னப் பிள்ளையாக வீரமாமுனிவர் சிலையைப் பார்த்து, "ஏம்பா, சாமியார் ஏன் கடற்கரையில நிக்கிறாரு?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, உன் ஊருக்கு வருகிறேன். 1554இல் லிஸ்பனில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சானது. ‘கார்த்தில்யா’ என்று பெயர். நம் நாட்டுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. அச்சில் வந்த முதல் தமிழ் நூல் அதுதான். தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, கூடவே போர்த்துக்கீசியப் பொருளையும் வரிக்கு வரி கொடுத்திருக்கிறார்கள். நீ வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரியேதான்! அப்படி எழுதாதே என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இனிமேல் திட்ட மாட்டேன். ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தேடி, இந்த மாதிரிப் பழைய அச்சு நூல்களைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அடிகளார். ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். லிஸ்பன் கடையில் ‘சாவி’, ‘ஜன்னல்’, ‘மேசை’ மாதிரியே காதில் விழுகிறது என்று ஆச்சரியப்பட்டாயே, அந்தச் சொற்கள் எல்லாம் போர்த்துக்கீசியரோடு நம் கரைக்கு வந்தவைதான்.

எந்த மேடையில் ஏறினாலும் "என்னை நன்றாக இறைவன் படைத்தனன், தன்னை நன்றாகத் தமிழ் செய்யுமாறே" என்ற திருமூலர் வாக்கோடுதான் பேச்சைத் தொடங்குவார். கத்தோலிக்கக் குருவானவர், திருமந்திரம் சொல்லித் தொடங்குவார். அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜூன் மாதம் முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும் முதல் வரி அதுதான்.

1974இல் அவர் பிறந்த மண்ணான யாழ்ப்பாணத்திலேயே நான்காவது மாநாடு நடந்து, கடைசி நாளில் உயிர்கள் போனதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

செல்வி, ஒன்றை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. ப்ளஸ் ஒன்னில் உன்னைத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுக்கச் சொன்னது நான்தான். மார்க் நிறைய வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நீ அழுதாய். நான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் புறநானூறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நீ உள் அறையில் பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு என்னுடையது. உனக்குத் தமிழ் வராமல் போகவில்லை, நான் தராமல் விட்டேன்.

குறுந்தொகை உரையோடு ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பதாவது பாட்டில் பென்சிலால் அடையாளம் வைத்திருக்கிறேன். செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர் வருகிற பாட்டு. ஐந்தே வரி. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருப்பேன். அர்த்தம் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, தட்டுத் தடுமாறி வாசி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா ஜெபம் சொல்லச் சொன்னாள். குளிர் வந்தால் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா