சினைப் பெட்டையைக் கறிக்கு ஏற்றாதீர்கள்

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்கும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கும் ஆடு ஏற்றிவரும் சம்சாரிகளுக்கும், அங்கே கைமாற்றும் வியாபாரிகளுக்கும், நெல்லைச் சீமையில் கறிக்கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

நான் மானூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவன். இன்றும் எங்கள் தொழுவில் கன்னி இன வெள்ளாடுகள் நிற்கின்றன. கிடாயை விற்பது பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. கோயில் கொடை விழாவுக்கும் பக்ரீத்துக்கும் என்றுதான் கிடாயை வளர்க்கிறோம். இருபது, முப்பது பெட்டைக்கு ஒரு நல்ல பொலிகிடாய் இருந்தால் போதும். பெட்டையையும் விற்கத்தான் வேண்டும். மேய்ச்சலுக்குத் தாங்காத மந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் எந்தப் பெட்டையை விற்கிறோம், எதை வாங்கி அறுக்கிறோம் என்பதில் நாம் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம். அதைப் பேசத்தான் இந்த மடல்.

பங்குனி பிறந்தால் நம் பக்கம் புல் தீர்ந்துபோகும். அப்புறம் ஐப்பசி மழை வரை கருவேலங்காயும் கொழை என்கிற மரத் தழையும்தான். அந்த மாதங்களில்தான் பள்ளிக் கட்டணம், கல்யாணம், கோயில் கொடை எல்லாம் வரிசைகட்டி வரும். கையில் காசு இல்லாத சம்சாரி தொழுவுக்குள் போய் எதைப் பிடிக்கிறார்? வியாபாரி நல்ல விலை சொல்லும் ஆட்டைப் பிடிக்கிறார். வியாபாரி எதற்கு நல்ல விலை சொல்கிறார்? சதை பிடித்து, ரோமம் மினுமினுக்கும் ஆட்டுக்கு. அப்படி மினுமினுக்கும் பெட்டைகளில் பல, இரண்டு மூன்று மாதச் சினையாக இருக்கின்றன.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். வயிற்றுக்குள் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். அதற்கு முன் வயிறு காட்டிக்கொடுக்காது. மாட்டுக்குச் செய்வதுபோல ஆசனவாய் வழியே கைவிட்டுச் சோதிக்கவும் ஆட்டில் முடியாது. ஸ்கேன் எடுத்தால் தெரியும். ஸ்கேன் இல்லாத இடத்தில், கிடாய் எப்போது சேர்ந்தது என்று தெரிந்த ஒரே ஆள் வளர்த்தவர்தான். ஆகவே சம்சாரிகளே, உங்கள் வாய்ச்சொல்தான் இதில் சாட்சி. தரகர் விலை பேசத் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கும்போது சினையை மறைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் பின்னால் குடலோடு சேர்த்து என்ன கொட்டப்படுகிறது என்று கறிக்கடைக்காரர்களுக்குத் தெரியும். முடி முளைத்த குட்டிகூட அதில் கிடக்கிறது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற கடைக்காரர்களை நான் அறிவேன். அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. 2001-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு (இறைச்சிக் கூட) விதிகள், சினையாக இருக்கும் விலங்கையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி உள்ள தாயையும், மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் அறுக்கக் கூடாது என்கின்றன. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்த விதியைச் சந்தையில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். சினை ஆட்டை உயிர் எடைக்கு வாங்கினால் கருப்பைக்கும் பனிக்குட நீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அறுத்த பிறகு தராசில் அது ஏறாது.

காட்டு விலங்கிலேயே இந்த நியாயத்தை மனிதர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கென்று 2013-இல் சரணாலயமே வந்துவிட்டது. ஆனால் வேட்டைக்கு அனுமதி உள்ள ஜெர்மனியில், குட்டி தானாகப் பிழைக்கும்வரை அதை வளர்க்கும் தாயைச் சுடக் கூடாது என்று வேட்டைச் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்மானைச் சுட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் குட்டி, பிறகுதான் தாய் என்பது அங்கே வேட்டைக்காரர்கள் கற்றுக்கொள்ளும் முறை. அநாதையாகக் குட்டி காட்டில் சாகக் கூடாது என்பதற்காக. கூட்டத்துக்கு வழிகாட்டிப் போகும் மூத்த பெண்மானைப் பொதுவாகச் சுடாமல் விட்டுவிடுவார்கள். துப்பாக்கியோடு தூரத்தில் நிற்பவனுக்கே இவ்வளவு கவனம் என்றால், பிறந்த நாள் முதல் பேர்சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த ஆட்டை விற்கும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

நான் அதிகம் வருந்துவது மெலிந்த பெட்டைக்காகத்தான். முதுகெலும்பு துருத்தி, விலா தெரியும் ஆட்டைப் பார்த்ததும் "இது தேறாது, தள்ளிவிடு" என்று சொல்லிவிடுகிறோம். ஏன் மெலிந்தது என்று கேட்கிறோமா? கன்னி ஆடு அடிக்கடி இரட்டைக் குட்டி போடும். இரண்டு குட்டிக்கும் மூன்று மாதம் பால் கொடுத்த தாய், வறண்ட காட்டில் மேய்ந்துகொண்டு வேறு எப்படி இருக்கும்? தன் சதையைக் கரைத்துத்தான் உங்கள் தொழுவில் இரண்டு குட்டியை நிறுத்தியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே கொழுத்து நிற்கும் பெட்டையைப் பாருங்கள். பல நேரம் அது இந்தத் தடவை சினைப் பிடிக்காதது, இல்லை ஈன்ற குட்டியைச் சேர்க்காமல் சாகவிட்டது. விற்க வேண்டிய ஆடு கொழுப்பைக் காட்டி வீட்டில் தங்கிவிடுகிறது, வைத்திருக்க வேண்டியது எலும்பைக் காட்டிச் சந்தைக்குப் போகிறது. சில வருடம் இப்படியே நடந்தால் நல்ல தாய் வழி மந்தையிலிருந்து அற்றுப்போகும். சந்தையும் கறிக்கடையும் பிறகு எங்கே போய் ஆடு வாங்கும்?

மெலிவு பால் கொடுத்ததால்தானா என்று பார்க்க வழி உண்டு. கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் தீனி போதவில்லை. வெளிறிக் கிடந்தால் பெரும்பாலும் இரைப்பையில் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள். இரண்டுமே விற்பதற்குக் காரணம் கிடையாது.

அப்படியானால் எதை விற்பது? இரண்டு பருவம் கிடாயோடு விட்டும் சினைப் பிடிக்காததை விற்கலாம். மடிநோய் வந்து மடி கல்லாகி, காம்பு செத்துப்போனதை விற்கலாம்; அது ஈன்றாலும் குட்டி பட்டினிதான். அடி தள்ளியதையும், அதாவது பிறப்புறுப்பு வெளியே பிதுங்கியதையும், வைத்திருக்காதீர்கள், அடுத்த ஈற்றிலும் அது வரக்கூடும். பல்லைப் பாருங்கள். முன் கீழ்த்தாடையில் எட்டுப் பல்லும் முளைக்க ஏறக்குறைய நான்கு வயது ஆகும். அதற்குப் பிறகு இடைவெளி விட்டு, தேய்ந்து, விழ ஆரம்பித்ததும் கொழையைக் கடிக்க முடியாது. அந்தக் கிழட்டுப் பெட்டையையும் கடைசிக் குட்டி பால்மறந்த பிறகு அனுப்புங்கள். ஒன்று மட்டும் விலக்கு: மந்தையை முன்னால் நடத்திப் போகும் ஆடு. செம்மறிக் கூட்டத்துக்கு முன்னால் நெடுநெடுவென்று வளர்ந்த கொடி இன வெள்ளாடு ஒன்றை விடுவது நம் பக்கத்து வழக்கம். அதற்குப் பல் போனாலும் அது போகும் தடம் மற்றவற்றுக்கு வேண்டும்.

இரண்டு பல் முளைத்த இளம் பெட்டையைக் கறிக்குக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வெள்ளாடு இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று ஈனும். முதல் ஈற்றுக்கு முன்பே அதை அறுப்பவர் ஒரு வாரக் கறிக்காக ஒரு தொழுவத்தையே அறுக்கிறார்.

மாநகராட்சிக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் ஒரு கோரிக்கை. மேலப்பாளையம் சந்தையிலிருந்து இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சந்தை நாளில் ஒரு ஸ்கேன் கருவியோடு மருத்துவரும் மாணவர்களும் வந்து உட்கார்ந்தால், சந்தேகமான பெட்டைகளை அங்கேயே பார்த்துவிடலாம். மாணவர்களுக்கும் கை பழகும். அபராதத்தில் தொடங்காதீர்கள். கடனுக்காக ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் அபராதம் கேட்டால் அவர் அடுத்த வாரம் சந்தைக்கு வராமல் ஊரிலேயே கமுக்கமாக விற்றுவிடுவார்.

வியாபாரிகளே, உங்களிடம் கேட்பது இது. சினைப் பெட்டையை விற்றே தீர வேண்டிய நெருக்கடி எல்லோருக்கும் வரும். அப்போது அதை வளர்ப்புக்கு வாங்குகிறவர் கண்ணில் படும்படி சந்தையில் தனி வரிசை ஒதுக்கச் சொல்லிக் குத்தகைதாரரிடம் பேசுங்கள். சினை என்று சொல்லியே விற்றால் வளர்ப்புக்கு வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுப்பார், ஏனென்றால் அவர் வாங்குவது இரண்டு மூன்று உயிரை. முதலில் வரும் செவ்வாய்க்கிழமை, கிழக்கு ஓரத்திலோ எந்த ஓரத்திலோ ஒரு கயிறு கட்டித் தொடங்கினாலே போதும். எங்கள் ஊர்ச் சம்சாரிகளிடம் நான் பேசி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மானூர் வட்டாரத்து ஆடு வளர்ப்பவன்