டாலரில் சம்பாதிப்பவர்களுக்கு மார்ச் 15-ஐ யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் வேலை செய்து சம்பாதிக்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலையை எங்கே பிடிப்பது, கட்டணத்தை எப்படிப் பேசுவது என்பதெல்லாம் விவரமாகவே இருந்தது. வருமான வரி பற்றி மட்டும் கடைசியில் ஒற்றை வாக்கியம்: நல்ல ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். திருப்பூரில் வரிக் கணக்கு பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தேதியெல்லாம் தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வந்ததும் முதலில் கேட்பது, "சார், அமெரிக்காவுல டாக்ஸ் கட்டணுமா?" என்றுதான். இங்கே உட்கார்ந்து, இங்கிருந்தே வேலை செய்து கொடுக்கும் இந்தியருக்கு அந்தச் சேவைக் கட்டணத்தில் அமெரிக்க வரி கிடையாது. வாடிக்கையாளர் டெக்ஸாஸில் இருப்பதால் இது மாறிவிடாது. வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த ஊர் நிறுவனம் கேட்கும் டபிள்யூ-8பென் படிவம், நாம் அமெரிக்கர் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. நம் பான் எண்ணை அதில் குறிப்பிட்டு அவர்களிடமே கொடுத்துவிட வேண்டியதுதான். அதைப் பார்த்துப் பயந்து வேலையையே விட்டவர்கள் உண்டு.

யூடியூப், கிண்டில் புத்தகம் என்று ராயல்டி வாங்குகிறவர்களின் கதை வேறு. அமெரிக்க வாசகர், பார்வையாளர் மூலம் வரும் பகுதிக்கு அங்கேயே வரி பிடிப்பார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம். இங்கே ரிட்டர்ன் போடும்போது, அதற்கென உள்ள படிவத்தையும் தாக்கல் செய்து, பிடித்த தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வருமானத்துக்கு இங்கே வரும் வரி எவ்வளவோ அதுவரைதான் கழிவு. இங்கே வரியே இல்லை என்றால் அங்கே பிடித்தது போனதுதான்.

அடுத்தது, வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே வரியே இல்லை என்ற நம்பிக்கை. இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு உலகின் எந்த மூலையிலிருந்து வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு. இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். அப்புறம் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவைச் சொன்னால் கொஞ்சம் தெளிவு வரும். (2026 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது; ஏற்பாடு அதேதான். பழக்கத்தில் எல்லோரும் பழைய எண்ணையே சொல்கிறோம்.) ஐடி, பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை, மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக்கு பில் தேடி அலைய வேண்டாம். வேலை பிடித்துத் தரும் வலைத்தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷனையும் அந்த மீதிப் பாதியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வரவைக் கமிஷனுக்கு முந்தைய தொகையாகவே எழுத வேண்டும்.

24 லட்சம் வரவுள்ள ஒரு மென்பொருள் நிரலாளரை எடுத்துக்கொள்வோம். பாதி 12 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையின் தள்ளுபடியில் வருமான வரி பூஜ்யம். சரி, இத்தோடு விட்டதா? இல்லை. சேவைத் தொழிலில் வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதியும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். அதாவது ஒரு ரூபாய் வருமான வரி கட்டாதவர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும். இதை நம்ப வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி வரி விகிதம் பூஜ்யம். ஆனால் எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஆன்லைனில் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, சில நிமிட வேலைதான். கொடுக்காவிட்டால் 18 சதவீதத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பக் கேட்டு நிற்க வேண்டும். எங்கள் ஊர் பனியன் கம்பெனி குமாஸ்தா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்யூடி என்றால் என்ன என்று சொல்வார். அதே தெருவில் மாடி அறையில் லோகோ வரைந்து டாலரில் வாங்கும் பையனுக்கு, தானும் ஒரு ஏற்றுமதியாளர் என்பதே தெரியாது.

பணம் வரும் வழியையும் சொல்ல வேண்டும். வங்கி வழியாக அன்னியச் செலாவணியாக வந்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் கணக்கில் டாலரை வாங்கிக்கொண்டு, இங்கே ரூபாயாக ஜிபேயில் பெற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பரிமாற்றக் கட்டணம் மிச்சம் என்று அவர்கள் நினைப்பு. ஜிஎஸ்டியில் அதை ஏற்றுமதி என்று நிரூபிக்க முடியாது. அன்னியச் செலாவணிச் சட்டத்திலும் சிக்கல்.

இனி தலைப்பில் சொன்ன தேதிக்கு வருகிறேன். சம்பளக்காரருக்குக் கம்பெனியே மாதாமாதம் பிடித்துக் கட்டிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அப்படிப் பிடிப்பதில்லை. ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமானால் முன்கூட்டியே கட்ட வேண்டும். 44ஏடிஏ-வில் இருப்பவருக்கு முழுத் தொகைக்கும் ஒரே தவணை, மார்ச் 15. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு. தவறினால் வட்டி, ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே போகும்.

பத்திரிகைகளோ ரிட்டர்ன் தாக்கல் சீசனில்தான் வரி பற்றி எழுதுகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. இவர்களுக்கு அப்போது எழுதினால், வட்டி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளத்தான் உதவும். உங்கள் இதழில் பிப்ரவரியில் நான்கு பக்கம் ஒதுக்க முடியுமா? மார்ச் 15 வருவதற்குள் படித்துவிடுவார்கள்; ஏப்ரலில் புது எல்யூடி போடவும் நினைவிருக்கும். எழுதித் தரச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
திருப்பூர்.