கீபோர்டுக்கு ஒரு பூட்டு: கணினி செய்கிறவர்களுக்குத் திறந்த மடல்

கணினியும் அதற்குள் ஓடுகிற மென்பொருளும் செய்கிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆய்வேடு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். வீட்டில் ஏழு பூனைகள். எதையும் நான் வாங்கவில்லை. ஒன்று மழைக்கு ஒதுங்கியது. அதன் வயிற்றிலிருந்து வந்தவை நான்கு. மீன் வாசனைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவை இரண்டு. எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் செய்தாயிற்று. ஆகவே எண்ணிக்கை இனி ஏறாது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இது பூனைகளைப் பற்றிய புகார் இல்லை. உங்களைப் பற்றியது.

போன ஆவணியில், முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருந்த ஒரு காலையில், என் கீபோர்டு செத்துப்போனது. எதை அடித்தாலும் எழுத்து விழவில்லை. கோபத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால், யோசித்து யோசித்து ஓர் எழுத்து வருகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினார், ஒரு கைப்பிடி பூனை முடி விழுந்தது. “இதுதான்க்கா” என்று சொல்லி, வந்ததற்கு 400 ரூபாயும் புதுக் கீபோர்டுக்கு 650 ரூபாயும் வாங்கிக்கொண்டு போனார். புதுக் கீபோர்டும் அதே மாதிரிதான் அடித்தது.

சாயங்காலம் மகளிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். “வலது ஷிஃப்டை எட்டு செகண்ட் அமுக்கிப் பிடிம்மா” என்றாள். பிடித்தேன். ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்தினால், தொட்டுப் போகிற தட்டலை விட்டுவிட்டு, அழுத்திப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிற ஓர் ஏற்பாட்டைத் திறக்கட்டுமா என்று கணினி கேட்கும். என்டர் தட்டினால் திறந்துவிடும். என்டர் எங்கே இருக்கிறது? வலது ஷிஃப்டுக்கு நேர் மேலே. என் கருப்பி உட்காரும்போது அவள் பின்பக்கம் அந்த இரண்டையும் சேர்த்து மூடுகிறது. கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் மாமனாருக்கு நடுக்குவாதம் இருந்தது. ஒரு ‘க’ அடிக்கப் போய் ஆறு ‘க’ விழும். அவர் மாதிரி ஆட்களுக்காக யோசித்துச் செய்திருக்கிறீர்கள், கை எடுத்துக் கும்பிடுகிறேன். கை நடுங்குகிறவரை நினைத்துப் பார்த்தவர்களுக்கு, கீபோர்டில் கையே இல்லாமல் நான்கு கால் இருக்கும் வீட்டை நினைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

இன்னொன்று சொல்கிறேன். பத்திரிகையில் முகூர்த்த நேரம் காலை 9.00 – 10.30. டீ போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது சாம்பு வலது ஓரத்து எண் பட்டன்களின் மேல் நின்று ஜன்னலில் குருவி பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கி இறக்கிவிட்டு, பக்கத்தை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தேன், எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது. பிழை பார்க்க அனுப்பிவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் போன் போட்டார். “ஏம்மா, 10.30 முடிய முகூர்த்தம்னு சொன்னோம், நீ 16.30ன்னு போட்டிருக்கியே, சாப்பாட்டு மாஸ்டருக்கு யார் பதில் சொல்றது?” நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அச்சுக்குப் போயிருந்தால் 800 அட்டை.

இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்ஸெர்ட் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள். அது ஒருமுறை தட்டுப்பட்டால், அடுத்து அடிக்கும் எழுத்து பழைய எழுத்தை விழுங்கிவிடும். 10 இருந்த இடத்தில் 16 வந்தது அப்படித்தான். முப்பது வருடத் தொழிலில் அந்தப் பட்டனை நான் வேண்டுமென்று அழுத்தியதே கிடையாது. போதாததற்கு, தானாகச் சேமிக்கும் வசதி. நான் சேமிக்க மறந்தாலும் கணினி மறக்காதாம். சரி, நல்லதுதான். ஆனால் யார் அடித்ததைச் சேமிக்கிறோம் என்று அதற்குத் தெரிவதில்லை. சாம்பு போட்ட 6ஐ அது பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் பூனை நடந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், எந்த மொழியிலும் இல்லாத ஒரு சரம் சிவப்புக் கோட்டோடு நிற்கும். நான் அடிப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. அதில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். வேகமாக அடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கட்சி. ஆனால் பூனை வலமிருந்து இடமாக நடந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு மெய்யை மிதிக்கும், அடுத்து ஓர் உயிரை மிதிக்கும். தா, பி, ரு என்று இலக்கணம் வழுவாமல் எழுத்து விழும். ஓர் ஆய்வேட்டில், சங்கப் பாட்டு வரி ஒன்றின் கடைசியில் ‘தா’ என்று ஓர் எழுத்து கூடுதலாக உட்கார்ந்துவிட்டது. எழுதிய பையன் மூன்று நாள் பதிப்பு பதிப்பாகத் தேடிவிட்டு வந்து, “இது பாடபேதமாக்கா?” என்று கேட்டான். ஓலைச்சுவடிக்குக் கறையான் என்றால் யூனிகோடுக்குப் பூனை.

இதெல்லாம் கையோடு போகிற சேதம். கனத்த அடி வேறு.

வெள்ளையனுக்கு யு.பி.எஸ். பெட்டிதான் படுக்கை. உள்ளே பேட்டரி இதமாகச் சூடு கொடுக்கும். மதுரையில் சித்திரை வெயிலில் நாம் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அலைவோம், இவன் சூடான பெட்டியின் மேல் மல்லாந்து கிடப்பான். பூனையின் உடல் சூடே 38, 39 டிகிரி செல்சியஸ். 30 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதற்குக் குளிர ஆரம்பிக்கும். நீங்கள் செய்கிற எல்லாப் பெட்டியும் சூடாவதால், எங்கள் வீட்டில் எல்லாமே கட்டில்தான். அதனால் விசிறியில் முடி அடைக்கிறது, கணினி சூடேறித் தானாக அணைகிறது, வருடத்துக்கு இரண்டு முறை பிளோயர் வைத்து ஊதுகிறேன். அதை விடுங்கள்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு உங்கள் அப்டேட் தானாக ஆரம்பித்தது. இரவு என்றால் எல்லோரும் தூங்குவார்கள் என்பது உங்கள் கணக்கு. இங்கே ஏழு பேர் இரவில்தான் விழிக்கிறார்கள். நீலத் திரையில் வட்டம் சுற்றுகிறது, 37 சதவீதம், ‘கணினியை அணைக்காதீர்கள்’. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. யு.பி.எஸ். தன் கடமையைச் செய்தது, கீ... கீ... என்று கத்தியது. தன் வயிற்றுக்கு அடியில் எதுவோ கத்துகிறதே என்று வெள்ளையன் துள்ளினான். துள்ளியவன் பின்னங்கால் முன்பக்கத்துப் பட்டனில் பட்டது. திரை இருண்டது. சத்தம் கேட்டு எழுந்து ஓடிவந்த நான் இருட்டில் அவனையே மிதித்தேன்.

காலையில் கணினி ஏறவில்லை. மறுபடியும் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வேலைகளுக்கு நகல் வைத்திருந்தேன், எழுத்துருக்களுக்கு வைக்கவில்லை. பேஜ்மேக்கர் என்கிற பக்கம் கட்டும் மென்பொருளுக்காகக் கடை கடையாக வருடக்கணக்கில் வாங்கிச் சேர்த்த பழைய எழுத்துருக்கள் அவை. சில வாடிக்கையாளர்களுக்கு அப்பா காலத்துப் பத்திரிகையில் இருந்த அதே எழுத்துதான் வேண்டும். அந்த மாதிரி நாலைந்து எழுத்துரு இன்றுவரை கிடைக்கவில்லை.

“ரூமைச் சாத்திட்டு வேலை பாரு” என்று மகள் சொல்கிறாள். வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு அறை. சாத்தினால் ஏழும் கதவைப் பிறாண்டும், மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவார். “எழுந்து போகும்போது திரையைப் பூட்டிட்டுப் போ” என்பதும் அவள் யோசனைதான். பூட்டினேன். பூனை கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்தது. நாலைந்து தடவைக்கு மேல் கணினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இந்த எழுத்துகளை அப்படியே அடித்துக் காட்டு என்று என்னைச் சோதித்தது. என் வீட்டில், என் மேசையில், நான் மனுஷிதான் என்று நிரூபித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

உங்களுக்குப் பூனை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2012இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 16,000 செயலிகளை ஒன்றாகக் கோத்து, யூடியூபிலிருந்து ஒரு கோடிப் படங்களைக் காட்டி, இதுதான் பூனை என்று யாரும் சொல்லாமலே பூனை முகத்தைக் கண்டுகொள்ளக் கணினியைப் பழக்கினார்கள். உலகமே பாராட்டியது. அதே கணினி, மூன்றரைக் கிலோ பூனை தன் மேலேயே உட்கார்ந்திருந்தால் மரியாதையாக எழுத்து எழுத்தாகப் பதிவு செய்கிறது. அதற்கும் முன்பே அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவர், பூனை கால் வைக்கிற தினுசை வைத்தே கண்டுபிடித்து, கீபோர்டை முடக்கி, பூனைக்குப் பிடிக்காத சத்தத்தையும் போடுகிற மென்பொருளை எழுதினார். பாசென்ஸ் என்று பெயர். அவருக்கு 2000ஆம் ஆண்டு இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்து, அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. சிரித்ததோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

(பூனையும் தட்டச்சும் என்றால் எனக்குப் பிடித்தவர் ஜாக் ஹெதரிங்டன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல்காரர். 1975இல் ஒரு கட்டுரையைத் தட்டச்சில் முழுக்க அடித்து முடித்துவிட்டார், எல்லா இடத்திலும் ‘நாங்கள்’. ஒருவர் எழுதிய கட்டுரையில் ‘நாங்கள்’ கூடாதே என்றார் கூட வேலை பார்த்தவர். மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சோம்பல்பட்டு, தன் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்டு என்ற பெயரில் இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்து அனுப்பினார். இயற்பியல் ஆய்விதழில் வெளியாகியும்விட்டது. கடைசி நேரத்தில் ‘நான்’களையெல்லாம் ‘நாங்கள்’ ஆக்கச் சொல்லும் ஆய்வு மாணவர்களைப் பார்த்தவள் என்பதால், அந்த மனிதரின் அலுப்பு எனக்குப் புரியும்.)

பாசென்ஸ் மாதிரி புத்திசாலித்தனமெல்லாம் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது கீபோர்டில் ஒரு பொத்தான். தள்ளினால் பூட்டு, இழுத்தால் திறப்பு. திரை அப்படியே தெரிய வேண்டும், அச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பிழை பார்க்க முடிய வேண்டும், மிதித்தால் மட்டும் எதுவும் விழக்கூடாது. என் வாஷிங் மெஷினில் குழந்தைப் பூட்டு இருக்கிறது. காரில் பின்கண்ணாடிக்கு இருக்கிறது. மகளின் மடிக்கணினியில் விரலால் தேய்க்கிற பலகையை நிறுத்தக்கூடத் தனிப் பட்டன் இருக்கிறது. அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, கீபோர்டுக்குத்தான் ஒன்றும் இல்லை.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள், நீங்களே செய்து வைத்திருந்ததுதான். 1984இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி.யின் முகப்பில் ஒரு சாவித்துவாரம் உண்டு. பூட்டினால் கீபோர்டு வேலை செய்யாது. அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். 1994இல் நான் தொழில் பழகிய அச்சகத்தில் இருந்த 386 ரகக் கணினிப் பெட்டியிலும் இருந்தது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டர்போ பட்டனுக்குப் பக்கத்தில். முதலாளி சாப்பிடப் போகும்போது பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். மறந்துபோய்க் கணினியைப் போட்டால், கீபோர்டு பூட்டியிருக்கிறது, திற என்று திரையிலேயே எழுத்து வரும். அன்று அது எங்களை நம்பாததால் வைத்த பூட்டு என்று எரிச்சலாக இருந்தது. அந்த அச்சகத்தில் பூனை கிடையாது.

இப்போதைக்கு என் பூட்டு ஒரு முறம். எழுந்திருக்கும்போது கீபோர்டின் மேல் கவிழ்த்துவிட்டுப் போகிறேன். கருப்பி இந்த வாரம் முறத்தின் மேல் படுக்கப் பழகிவிட்டாள், அவள் கனத்துக்கு முறத்தின் நடுப்பகுதி தொய்ந்து ஸ்பேஸ் பாரைத் தொடுகிறது.

அந்த 386ஐப் பழைய இரும்புக்குப் போட்டபோது முதலாளி சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். குழாய் மாதிரி உருண்டையான சாவி. பீரோ சாவியோடு கொத்தில் கிடக்கிறது. அளவு எடுக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பி வைக்கிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஏழு பூனைகளுக்கு நடுவே தட்டச்சு செய்கிறவள்,
மதுரை.