பழைய ஸ்போரனுக்கு ஒரு புது வார்

எடின்பரோ,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒரு ஸ்போரன். ஆயுள் முழுக்கத் தோலோடு புழங்கியவன் நீ, அதனால் இதை உன்னிடம்தான் முழுசாகச் சொல்ல முடியும்.

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கம்பளிப் பாவாடையான கில்ட்டில் சட்டைப்பை மாதிரி எதுவும் கிடையாது. அதற்காக இடுப்பின் முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளும் பைதான் ஸ்போரன். இங்குள்ள பழைய கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே பணப்பை என்றுதான் பொருள். ஆரம்பத்தில் அது மான் தோலிலோ கன்றுத் தோலிலோ செய்த சுருக்குப்பை, நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்தார்களே, அதே சங்கதி. அப்புறம் வாய்க்குப் பித்தளைப் பூட்டு வந்தது. இங்கே சேம்பர்ஸ் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்குள் நான்கு குட்டித் துப்பாக்கிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சூட்சுமம் தெரியாதவன் கை வைத்தால் வெடிக்கும். அதைப் பார்க்கவே நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

1746-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் கில்ட் உடையை அணியக் கூடாது என்று தடுத்தது. 1782-ல்தான் அதை நீக்கினார்கள். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, கில்ட் ஊரறிந்த கொண்டாட்ட உடையாகவே ஆகிவிட்டது. விக்டோரியா காலத்தில் ராணுவப் பாணியைப் பார்த்து, நீளமாக மயிர் தொங்கும் ஸ்போரன்கள் பரவின. குதிரை மயிர் என்று பெயர், ஆனால் பலவற்றில் இருப்பது வெள்ளாட்டு மயிர்.

அப்படி ஒன்றைத்தான் எதிர்வீட்டு அம்மா ஒரு தொப்பிப் பெட்டியில் எடுத்துவந்தார். அவருடைய கணவரின் தாத்தாவுடையதாம். பேரனுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். "அவன் இதைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஒரு சங்கிலி மட்டும் மாட்டிக் கொடுங்கள்" என்றார். மயிர் இன்னும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே ஜெர்மன் சில்வர் தகடு. திருப்பிப் பார்த்தேன், அங்கேதான் பிரச்சினை.

பின்பக்கத் தோலைத் தொட்டதும் விரல் நுனியில் செங்கல் நிறத்தில் பொடி ஒட்டியது. உனக்குச் சொல்லவே வேண்டாம், செந்தூள் நோய். நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் தோலுக்குள் அமிலமாகி, இழைகளை அறுத்துவிடுகிறது. நம் ஆவாரம் பட்டையில் இருப்பது போன்ற கேட்டகால் வகை டேனினில், அதாவது துவர்ப்புச் சத்தில், பதனிட்டவை இதற்குச் சீக்கிரம் இரையாகும், கடுக்காயில் பதனிட்டவை இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த அம்மா எண்ணெய் தடவலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த நிலையில் இருக்கும் தோலை எண்ணெய் ஊறிக் கெடுக்கும். தண்ணீர் பட்டாலோ கறுத்து விறைத்துப்போகும். செல்லுலோஸ் பசையை ஆல்கஹாலில் கரைத்து, மெல்லிய தூரிகையால் இரண்டு தடவை பூசினேன். அடுத்த நாள் பொடி உதிர்வது நின்றிருந்தது.

இப்போது விற்கிற ஸ்போரன்களின் பின்னால் இரண்டு பக்கமும் D வடிவ வளையம் இருக்கும். சங்கிலி நுனியிலுள்ள தோல் நாக்கை வளையத்தில் கோத்துக் குமிழ் ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. பழையதில் வளையமே இல்லை. முதுகில் தைத்த இரண்டு தோல் காதுகளுக்குள் ஒரே நீள வாரை நுழைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பாரம் முழுக்க வாரில் பரவி நிற்கும், காதுகள் பை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். யாரோ ஒரு காலத்தில் இது புரியாமல், ஒரு காதின் பக்கத்தில் பித்தளை ரிவெட் (தறையாணி) அடித்துச் சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார். ரிவெட்டைச் சுற்றிப் பச்சை மெழுகுபோலப் பூத்து, தோல் இரண்டு அங்குலம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது.

புதுத் துளை ஒன்றுகூடப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். கிழிசலின் உட்புறம் மெல்லிய கன்றுத் தோலைக் கோதுமை மாப்பசையால் ஒட்டினேன். கழன்ற காதைப் பழைய துளைகளிலேயே, தேன்மெழுகு தடவிய ஒற்றை நூலால் தைத்தேன். இரட்டை நூல் போடவில்லை. இழுபட்டால் முதலில் நூல் அறட்டும், தோல் கிழியக் கூடாது.

மாப்பிள்ளைப் பையனுக்கோ சங்கிலிதான் வேண்டும், மாலை விருந்துக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்கிறான். சரி, அவன் ஆசையும் தப்பில்லை. பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு குட்டை வார் வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் தைத்து, அதைக் காதுகளுக்குள் நுழைத்துவிட்டேன். சங்கிலி அந்த வளையங்களில் மாட்டுகிறது, ஸ்போரனின் மேல் இழுப்பே இல்லை. நாளைக்கு வேண்டாமென்றால் உருவி எடுத்துவிடலாம். ஒரே ஒரு குறை, உலோகச் சங்கிலி உராய்ந்து கில்ட்டின் கம்பளி பிசிறு தட்டும். அதனால் இடுப்பின் பக்கவாட்டில் படுகிற இடத்துக்கு மெல்லிய தோல் உறை போட்டேன். ஊர்வலத்துக்கும் நடனத்துக்கும் முழுத் தோல் வார்தான் நல்லது என்று அவனிடம் சொல்லி, அதையும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன்.

நேற்று வந்து கட்டிப் பார்த்தான். வார் கில்ட்டின் பின்புற வளையங்களுக்குள் புகுந்து வந்து முன்னால் நின்றது. இடுப்புப் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அவன் நடந்தபோது அந்த வெள்ளை மயிர் இடமும் வலமும் மெல்ல அசைந்தது. பாட்டி ஒன்றும் பேசவில்லை, தகட்டை மட்டும் முந்தானை நுனியால் துடைப்பதுபோலத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

பெட்டியின் அடியில் நைந்துபோன அசல் வாரும் கிடந்தது. அமிலமில்லாத தாளில் சுற்றி, அதே பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

என் கையிருப்பில் நல்ல தோல் தீர்ந்துவிட்டது. உன் மகள் தை மாதம் லண்டன் வருவதாக எழுதியிருந்தாயே, அவளிடம் ஒரு அங்குல அகலத்தில் நாலைந்து எருமைத்தோல் வார் கொடுத்தனுப்பு. குரோம் உப்பில் பதனிட்டது வேண்டாம், கடுக்காயில் பதனிட்டதாகப் பார்த்து எடு.

உன் பழைய அறைத்தோழன்