ஓவியர் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் தபாலில் போகும். தபால் செலவும் சங்கத்தின் தலையில்தான்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பொங்கல் கோலப்போட்டி நடந்தது. மாணவர் ஓவியப்போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது.

சந்தா செலுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. நீர்வண்ண வகுப்புக்கு ட்யூப் வாங்கப் போனபோது கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டார். வகுப்பை நிறுத்திவிடலாம் என்றார்கள். வண்ணமே வாங்காமல் நீர்வண்ணம் தீட்டலாம் என்று நான் சொன்னேன். அதற்குக் 'கஷாய வகுப்பு' என்று பெயர் சூட்டியவர் இந்த அவையில்தான் இருக்கிறார். அவருடைய சந்தாவும் நிலுவையில் இருக்கிறது.

காபியில் தொடங்கினோம். முதல் டிகாஷன் அடர்த்தி, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது வெறும் சாயல். ஒரே பொடியில் மூன்று நிழல் கிடைத்தது. காய்ந்ததும் ஓரத்தில் கரும்பழுப்புக் கோடு விழும். தம்ளர் வைத்த மேசையில் வட்டம் விழுவதும் இதனால்தான்: ஓரம் முதலில் உலர்வதால் துகள்கள் அங்கே போய்ச் சேர்கின்றன.

குழந்தைகள் தூக்கி எறியும் ஸ்கெட்ச் பேனாக்கள் அடுத்து வந்தன. பின்மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் பஞ்சுத்திரியை எடுத்து, மருந்து பாட்டில் மூடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் போதும், மறுநாள் காலையில் வண்ணநீர் தயார். நீரில் கரையும் மையாக இருக்க வேண்டும். மார்க்கர் பேனா உதவாது. கறுப்பைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஈரத்தாளில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் அது நீலமும் இளஞ்சிவப்புமாகப் பிரிந்து ஓடுவதைப் பார்க்கலாம். பல சாயங்களைக் கலந்துதான் அந்தக் கறுப்பைச் செய்கிறார்கள். ஈரத்தின் பளபளப்பு அடங்கும் நேரத்தில் நான்கு கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து ஒரு வெளிறிய நட்சத்திரத்தை விட்டுச்செல்லும். முந்தித் தூவினால் உப்பு கரைந்துவிடும், பிந்தினால் ஒன்றும் நடக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மையார் ஒருவர் சங்குப்பூச் சாற்றால் வானத்தை நிரப்பினார். காது குடையும் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு அடிவானத்தில் இழுத்தார். நீலம் ஊதாவாகி, ஊதா இளஞ்சிவப்பாகி, கண்ணெதிரில் பொழுது சாய்ந்தது. அன்று வகுப்புக்கு வந்தவர்கள் ஐந்தே பேர்.

கண்காட்சியில் வைத்த படங்கள் வெளுத்தன, சுருண்டன என்ற முணுமுணுப்புக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்நீரில் தீட்டிய வயல்வெளிப் படம் நான்கே நாளில் வெளுத்தது உண்மை. அதை ஜன்னலோரம் மாட்டச் சொன்னது நானல்ல. சாம்பார் சிந்திய வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் மஞ்சள் போய்விடும் என்பது வீட்டில் துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். பீட்ரூட் சிவப்பும் பழுப்பாகும். இவை விற்பதற்கான படங்கள் அல்ல, கைப்பழக்கத்துக்கானவை என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். கேட்க ஆள் வேண்டுமே. காகிதம் சுருண்ட குறையை ஒப்புக்கொள்கிறேன். ஈரம் தாங்கும் கனத்த 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கப் பணமில்லாததால் சாதாரணத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டித்தான் வேலை செய்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு உண்டு, பெரிதாக ஒன்றுமில்லை. சில ரசீதுகள் தேடப்படுகின்றன. கூடம் தந்தவருக்கும் நாற்காலி தந்தவருக்கும் தேநீர் வழங்கியவருக்கும், குறிப்பாக மிஞ்சிய தேயிலைச் சாயத்தையும் வகுப்புக்குக் கொடுத்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நிலைத்து நிற்கும் கறுப்பு தயாரிக்க எண்ணம். துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலைஞர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் அந்த நீர் பட்டதும் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். கடுக்காய்நீர் பூசிய தாளில் அதை முயல உத்தேசம். பானை இப்போதே என் மொட்டைமாடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். செயலாளர் பொறுப்பை வேறு எவரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்வேன். பொறுப்போடு பானையையும் எடுத்துச்செல்ல வேண்டியிருக்கும். முன்வருவோர் இல்லையெனில், சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியே வைத்திருக்கிறேன்.